ஃபேஷன், கலைப் புகைப்படம்: இனி இது ஒரு தொழிலா?

வாசகர் கேள்வி · நவம்பர் 3

ஃபேஷன் போட்டோகிராபர், ஆர்ட் போட்டோகிராபர் என்றெல்லாம் இனிமேல் தனித் தொழில் கிடையாது என்பது என் கருத்து. பாதியைக் கைப்பேசி முடித்தது, மீதியைச் செயற்கை நுண்ணறிவு முடித்துக்கொண்டிருக்கிறது. கேமரா வாங்கக் காசு சேர்க்கிற பிள்ளைகளிடம் யாராவது இதைச் சொல்லிவிட்டால் நல்லது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

நவம்பர் 3, இரவு 10.40

மறுக்கிறேன். தொழில் செழிப்பாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது. அடித்த ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். எல்லோர் கையிலும் கேமரா கைப்பேசி வருவதற்குப் பல வருடம் முன்பே, கேமராவிலிருந்து ஒரு கேபிளை இழுத்து மேஜை மேலிருந்த கணினியில் செருகினார்களே, அன்றைக்கே ஃபேஷன் போட்டோகிராபரின் பாதி அதிகாரம் போய்விட்டது. நான் அந்த அறையில் இருந்தேன். கேபிள் தடுக்கி யாரும் விழாமலிருக்கத் தரையில் டேப் ஒட்டியதே நான்தான்.

அதற்கு முன் ஆறு வருடம் ஒருவரிடம் உதவியாளனாக இருந்தேன். சார் என்றே எழுதுகிறேன். 120 பிலிம், ரோலுக்குப் பத்துப் படம். பத்து முடிந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார், பிலிம் ஏற்றிவைத்த அடுத்த பேக் அந்தக் கையில் இருந்தாக வேண்டும். முடிந்த ரோலின் காகித நுனியை நாக்கால் நனைத்து ஒட்டுவதும் என் வேலை. ரோல் தொடங்கும் முன் லைட் பார்க்கப் போலராய்டு, லேபுக்குப் போகாமல் அங்கேயே தெரிந்துவிடுகிற படம். குளிரில் வெளியே எடுத்தால் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பேன், சூடு போதாவிட்டால் நிறம் நீலம் பாய்ந்துவிடும். ஒன்றரை நிமிடம் மொத்தக் கூட்டமும் என் அக்குளுக்காகக் காத்திருக்கும். நேரமானதும் சார் வாங்கி உரிப்பார், பார்ப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "இடது லைட் அரை ஸ்டாப் இறக்கு." அவ்வளவுதான். அவர் காட்டினால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும்.

பிறகு பிலிம் லேபுக்குப் போகும். இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் படம் எப்படி வந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்த ஒரே ஆள் அவர். அவருக்குக் கொடுத்த சம்பளமே அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கேமராவை அமுக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். வராத படத்தைப் பற்றித் தைரியமாகத் தூங்கப் போகிற ஆள் அபூர்வம்.

கேபிள் வந்த பிறகு எடுத்த படம் உடனே திரையில் வந்துவிடும், அந்த மானிட்டர் முன்னால் ஸ்டைலிஸ்ட், ஆர்ட் டைரக்டர், மார்க்கெட்டிங் ஆள், முடி அலங்காரம் செய்பவர், சில நாள் முதலாளியின் மைத்துனி. எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், நாலடி தள்ளி நிற்கிற மாடலை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளிக்கிற்கும் ஒரு கருத்து. போட்டோகிராபர் அந்தக் குழுவில் கேமரா வைத்திருக்கிற உறுப்பினர், அவ்வளவே.

நவம்பர் 3, இரவு 11.55

சார் போலராய்டைப் பையில் போட்டதை ஏதோ ஞானியின் மௌனம் மாதிரி எழுதிவிட்டேன். பாதி நேரம் படம் சரியில்லை, அதனால் ஒளித்தார்.

நவம்பர் 4

ஃபேஷனும் கலையும் இரண்டு தொழில், இரண்டும் ஒரே நேரத்தில் செத்தன என்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தொடக்கத்திலிருந்தே ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்றையொன்று மதிக்காத பிள்ளைகள். எட்வர்ட் ஸ்டைகன் 1911-இல் வோக் ஃபேஷன் பத்திரிகைக்காக பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் பொவாரேயின் கவுன்களை எடுத்தார், நவீன ஃபேஷன் புகைப்படம் அங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். அப்போது அவர் ஓவியம் போன்ற மங்கல் படங்களால் பெயர் வாங்கிய கலைஞர். 1923-இல் வோக்கை வெளியிடுகிற கோண்டே நாஸ்ட் நிறுவனத்தின் தலைமைப் போட்டோகிராபராகச் சேர்ந்தபோது பழைய கலை நண்பர்கள் முகம் சுளித்தார்கள், விலை போய்விட்டான் என்று. விளம்பரம் எடுத்தால் கலைஞன் இல்லை என்ற பழைய பல்லவிக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

ஸ்டூடியோவுக்குள் சிலை மாதிரி நின்ற பெண்ணை வெளியே ஓடவிட்டவர் மார்ட்டின் முன்காச்சி. ஹார்ப்பர்ஸ் பஜாரின் 1933 டிசம்பர் இதழ், கடற்கரையில் நீச்சலுடையும் மேலங்கியுமாக ஒரு பெண் ஓடி வருகிறாள், அங்கி பின்னால் பறக்கிறது. அவர் அதுவரை விளையாட்டுப் படங்களும் செய்திப் படங்களும் எடுத்தவர், ஓடுகிற ஆளைப் பிடித்துப் பழகிய கை. ஃபேஷனுக்குப் புதுசு கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் இப்படி வேறு வேலையிலிருந்து வழி தவறி வந்தவர்கள்தான். அந்தப் பத்திரிகையின் ஆர்ட் டைரக்டராக 1934-இல் வந்த அலெக்சி ப்ரோடோவிச் பக்கத்தில் வெள்ளை இடத்தைக் காலியாக விடப் பழக்கினார், ரிச்சர்ட் அவெடான் அவரிடம் பாடம் கேட்டவர். 1955-இல் பாரிஸில் ஒரு சர்க்கஸில் யானைகளுக்கு நடுவே மாடல் டோவிமாவை நிறுத்தி எடுத்தாரே, அந்தப் படம் அவெடானுடையது. டியோர் உடை. அந்த உடையை வடிவமைத்தவர் அப்போது அங்கே உதவியாளராக இருந்த ஈவ் சான் லொரான். உதவியாளர்களைக் கொஞ்சம் மரியாதையாக நடத்துங்கள்.

நவம்பர் 4, பிற்பகல்

திருத்தம். ஸ்டைகனின் 1911 படங்கள் வோக்கில் வரவில்லை, 'ஆர் எ டெக்கோரசியோன்' என்ற பிரெஞ்சு இதழில் வந்தவை. வோக்குக்கு அவர் எடுத்தது பின்னால்தான். வோக்கின் முதல் வண்ணப் புகைப்பட அட்டை, 1932, அதுவும் அவர் எடுத்தது, அதனால் தலையில் கலந்துவிட்டது. சுட்டிக்காட்டியவர் கொஞ்சம் மெதுவாகக் குட்டியிருக்கலாம்.

நவம்பர் 6

எல்லோரும் அட்டைப் படங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அட்டைப் படம் எடுக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் ஒரு கைப்பிடி. தொழில் என்றால் நடுவில் இருக்கிறவர்கள்: கேட்லாக் எடுப்பவர்கள், நடுத்தரப் பத்திரிகைகளுக்கு மாதம் இரண்டு கதை எடுப்பவர்கள், லேபில் பிரிண்ட் போடுகிறவர்கள், உதவியாளர்கள். அந்த நடுவில் நான் ஒன்பது வருடம் இருந்தேன், இணையத்தில் உடை விற்கிற ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எழுபது உடுப்பு. பேய் ஷாட் என்போம். உடுப்பைப் பொம்மைக்கு மாட்டி முன், பின், பக்கவாட்டில் எடுக்க வேண்டும். அளவு பொருந்தாது, எப்போதும் பொருந்தாது, பின்பக்கத்தில் துணியை இழுத்து நாலைந்து கிளிப் போட வேண்டும். (பத்திரிகையில் அழகாக இடுப்பைப் பிடித்து நிற்கிற எந்தக் கவுனையும் திருப்பிப் பார்த்தால் முதுகில் கிளிப் வரிசை முள்ளம்பன்றி மாதிரி நிற்கும்.) பிறகு உடுப்பைக் கழற்றி, கழுத்துப் பட்டையின் உட்புறம் தெரிகிற மாதிரி ஓர் அட்டையில் விரித்து இன்னொரு படம். கணினியில் பொம்மையை அழித்து, கழுத்துக்குள் இந்த இரண்டாவது படத்தை ஒட்டினால், ஆளே இல்லாமல் உடுப்பு மட்டும் காற்றில் நிற்கும். உள்ளே யாரோ இருந்து போன மாதிரி.

அதற்கு ஒரு விதிப் புத்தகம் இருந்தது. கைமடிப்பு எந்தக் கோணம், விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல், நிழல் எவ்வளவு மங்கல், எல்லாம் அதில். முதல் வருடம் அவமானமாக இருந்தது. இரண்டாம் வருடம் கறுப்பு வெல்வெட்டையும் வெள்ளைச் சரிகையையும் ஒரே லைட்டில் நிறம் தப்பாமல் எடுக்கக் கற்றுக்கொண்டேன், சாரிடம் ஆறு வருடத்தில் கற்றதைவிடத் துணியைப் பற்றி அங்கே அதிகம் தெரிந்துகொண்டேன் என்பதை அவர் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நிறம் கொஞ்சம் தப்பினால் உடுப்பு திரும்பி வந்துவிடும். ஃபேஷன் பத்திரிகையில் நிறம் தப்பினால் பாணி என்பார்கள்.

படம் எடுப்பதைவிட இஸ்திரி போடுவதில் அதிக நேரம் போயிற்று. இன்றைக்கும் நீராவி இஸ்திரி நன்றாகப் போடத் தெரிந்த உதவியாளன் கிடைத்தால் லென்ஸ் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.

நவம்பர் 6, இரவு

கேள்வி கேட்டவருக்கு: செயற்கை நுண்ணறிவு மாடல் இல்லாமல் உடையைக் காட்டுகிறது என்று பதறுகிறீர்கள். நாங்கள் மாடல் இல்லாமல் எடுத்துக் கொடுத்த உடுப்பு லட்சத்தைத் தாண்டும். ஆளை முதலில் வெளியே அனுப்பியவர்கள் நாங்கள்தான், கையில் இஸ்திரிப் பெட்டியோடு.

நவம்பர் 8

கலைப் பக்கம். இதில் எனக்குக் கொஞ்சம் காயம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்லாக் வேலைக்கு நடுவே, கழற்றிப் போட்ட உடுப்புகள் குவிந்து கிடப்பதை நாலு வருடம் எடுத்தேன். எழுபது உடுப்பு முடிந்த சாயங்காலம், மேஜை மேலே, அதே லைட்டில். இருபது படம் தேறியது. சொந்தச் செலவில் பிரிண்ட் போட்டு ஒரு கேலரிக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு முதல் கேள்வி: "எடிஷன் எத்தனை?"

நான் திருதிருவென்று விழித்தேன். ஃபைல் இருக்கிறது, எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றேன். அந்த வாக்கியத்தோடு என் கலை வாழ்க்கை அநேகமாக முடிந்தது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதை அங்கே சொல்லவே கூடாது. எடிஷன் என்றால் ஐந்து பிரிண்ட், கலைஞர் பிரதி இரண்டு, அதோடு சரி, அந்த அளவில் இனிப் போடமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஃபேஷன் பக்கம் படத்தை எவ்வளவு பரப்புகிறாயோ அவ்வளவு மதிப்பு, இங்கே எவ்வளவு அடக்குகிறாயோ அவ்வளவு மதிப்பு. ஒரே ஃபைல், ஒரே கணினி, வாசலைத் தாண்டினால் கணக்கு தலைகீழ்.

இது ஏமாற்று வேலை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று அப்படி முழுசாகச் சொல்ல மாட்டேன். இர்விங் பென் ஃபேஷனிலும் விளம்பரத்திலும் உச்சியில் இருந்தபோதே, 1960களின் நடுவில், பத்திரிகைத் தாளில் தன் படம் அச்சாகிற விதம் பிடிக்காமல், பிளாட்டினம் பிரிண்டைத் தானே கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பித்தார். காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டிவைத்து, அதில் ரசாயனம் பூசி, வெளிச்சம் காட்டி, கழுவி, மறுபடி பூசி, அதே இடத்தில் நெகட்டிவை மயிரிழை நகராமல் வைத்து மறுபடி வெளிச்சம். தகடு இல்லாவிட்டால் காகிதம் நனைந்து சுருங்கி இரண்டாவது தடவை பொருந்தாது. அப்படி ஒரு பொருளை இருநூறு போட முடியாது. அங்கே எடிஷன் என்பது கை வலியின் கணக்கு. என்னுடையது பொத்தானை அமுக்கினால் வருகிற பிரிண்ட், அதற்கு ஐந்து என்ற எண் வெறும் சத்தியம்.

லில்லியன் பாஸ்மன் கதையைப் பாருங்கள். ஹார்ப்பர்ஸ் பஜாருக்கு எடுத்தவர், ஃபேஷன் போகிற போக்கு பிடிக்காமல் தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டார். குப்பைப் பையில் திணித்து வைத்த மிச்சம் 1990களின் தொடக்கத்தில் கண்ணில் பட்டது. மறுபடி இருட்டறைக்குப் போய், ப்ளீச் பூசி, பாதி உருவத்தை அழித்து, மை ஓவியம் மாதிரி புதிதாக அச்சிட்டார். பத்திரிகை வேலையாக எடுத்தது எழுபதைத் தாண்டிய வயதில் கலையாயிற்று. நெகட்டிவ் அதேதான்.

நவம்பர் 9

சின்னக் குறிப்பு, நேற்று விட்டுப்போனது. ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போன புகைப்படங்கள் இரண்டும் 2022-இல் விற்றவை: முதுகில் வயலின் துளைகள் வரைந்த பெண், மேன் ரே எடுத்தது, ஒரு கோடியே 24 லட்சம் டாலர், மே மாதம், ஸ்டைகனின் ஃப்ளாட்அயர்ன் கட்டடம், ஒரு கோடியே 18 லட்சம் டாலர், நவம்பர். இரண்டு பேருமே ஃபேஷன் படம் எடுத்து வயிறு கழுவியவர்கள். முகம் சுளித்த கலை நண்பர்களை இப்போது தேட வேண்டும்.

அந்த யானைப் படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்று 2010-இல் பாரிஸ் ஏலத்தில் 8,41,000 யூரோவுக்குப் போனது. வாங்கியது டியோர் நிறுவனம். தன் உடைக்கு விளம்பரமாக இருந்த படத்தை ஐம்பத்தைந்து வருடம் கழித்துக் கலைப்பொருளாகத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். யானைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

நவம்பர் 11

உரிமை. அதிகாரம் போனதற்குக் கேபிள்தான் காரணம் என்று 3-ஆம் தேதி அடித்துச் சொன்னேன். பணம் போனதற்குக் காரணம் வேறு, ஒரே ஒரு வரி.

சார் காலத்தில் படத்தை விற்பதில்லை, வாடகைக்கு விடுவார்கள். இந்த நாட்டில், இந்தப் பத்திரிகைகளில், ஓராண்டு. அடுத்த வருடம் போட வேண்டுமா, மறுபடி பணம். வேலை இல்லாத மாதங்களை அந்த மறுபடிப் பணம் தாங்கியது. எனக்கு வந்த ஒப்பந்தத்தில் இருந்த வரி: "இப்போது உள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்படப் போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்." படித்தேன், சிரித்தேன், கையெழுத்துப் போட்டேன், அந்த மாதம் எனக்கு வேறு வழி இல்லை. மூன்று வருடம் கழித்து நான் எடுத்த படம் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்கத் தொங்கியது, கூட வந்த நண்பன் "உனக்கு நிறைய வந்திருக்குமே" என்றான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

வாடகை முறை எவ்வளவு கெட்டி என்று ஒரு வழக்கு காட்டியது. லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் பாடகர் பிரின்ஸை எடுத்தார். 1984-இல் ஒரு பத்திரிகை, அதை வைத்து ஆண்டி வார்ஹோல் ஒரு சித்திரம் செய்ய, ஒரே ஒரு தடவைக்கு என்று 400 டாலர் கொடுத்தது. வார்ஹோல் ஒன்றோடு நிற்காமல் ஒரு வரிசையே செய்துவிட்டார். 2016-இல் பிரின்ஸ் இறந்ததும் அதிலிருந்து இன்னொன்றை அட்டையில் போட வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,250 டாலர் போனது, கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் 'ஒரு தடவை' என்று எழுதி வாங்கியிருந்தார். நான் 'என்றென்றைக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். எங்களுக்குள் இருக்கிற வித்தியாசம் திறமை மட்டும் இல்லை.

நவம்பர் 12

நேற்று முழுக்க யோசித்ததில் முதல் குறிப்பு உறுத்துகிறது. சாரின் அந்த இரண்டு நாள் இருட்டைப் பொற்காலம் மாதிரி எழுதிவிட்டேன். அந்த இருட்டில் வேறு சிலதும் நடந்தது.

ஆறு வருடத்தில் சார் ஒரு பெண்ணைக்கூட உதவியாளராக எடுத்ததில்லை, பெட்டி தூக்க முடியாது என்பார், நானே பெட்டி தூக்கித்தான் முதுகு போனது. முதல் எட்டு மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது, வீட்டில் தாங்கினார்கள், தாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். மாடல் பெண்களை அவர் அதட்டுவதை 'முகபாவம் வரவைக்கிறார்' என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். கோண்டே நாஸ்ட் மாதிரி பெரிய பத்திரிகைக் குழுமமே 2018-இல் நடத்தை விதி எழுதி வெளியிட வேண்டி வந்தது சும்மா இல்லை.

கதவு திறந்ததும் யார் உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். கொரின் டே தானே மாடலாக இருந்து கேமராவைப் பிடித்தவர், யாரிடமும் படிக்காதவர். 1990-இல் 'தி ஃபேஸ்' இதழில் அவர் எடுத்த கேட் மாஸ், பின்னாளில் பெரிய மாடல், மேக்கப் இல்லாமல், மூக்கைச் சுருக்கிச் சிரிக்கிற சின்னப் பெண். வுல்ஃப்காங் டில்மன்ஸ் பத்திரிகைகளுக்கு எடுத்த படங்களையும் கலைப் படங்களையும் பிரிக்காமல் சுவரில் டேப்பால் ஒட்டினார், 2000-இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு வாங்கினார். 2018 செப்டம்பரில் அமெரிக்க வோக் அட்டைக்குப் பாடகி பியான்சேயை எடுத்த டைலர் மிட்செலுக்கு 23 வயது. நூறு வருடத்துக்கு மேலான பத்திரிகையில் அட்டை எடுத்த முதல் கறுப்பினப் போட்டோகிராபர். சார் மாதிரி ஆட்களே வாசலில் நின்றிருந்தால் இதில் பாதிப் பேர் பெட்டி தூக்கிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

திரையைப் பற்றியும் ஒன்று. அதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பொருமினேனே, அந்த எல்லோரில் மாடலும் உண்டு, எழுதாமல் விட்டேன். ஒரு ஷூட்டில் ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவர், இடைவேளையில் வந்து மானிட்டரைப் பார்த்தார். "இதில் நான் யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி நிற்கிறேன்" என்றார். நான் பார்க்கவில்லை, ஆர்ட் டைரக்டர் பார்க்கவில்லை. திரும்பிப் போய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எடையை ஒரு காலில் போட்டு நின்றார், அவ்வளவுதான் செய்தார். அந்த வருடத்தில் நான் எடுத்த உருப்படியான படம் அது. போலராய்டு காலத்தில் அது என் சட்டைப் பைக்குள் போயிருக்கும், அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

ஆக, கேபிள் கொன்றது என்றது பாதி சரி. என்னை மாதிரி, சார் மாதிரி ஆகலாம் என்று காத்திருந்தவர்களைக் கொன்றது.

நவம்பர் 12, கொஞ்சம் கழித்து

காத்திருப்பது பற்றி ஒரு துணுக்கு. கோடாக்கில் 1975-இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. என் அக்குளின் ஒன்றரை நிமிடத்தோடு பார்த்தால் அது வேகம்தான்.

நவம்பர் 14

சரி, செயற்கை நுண்ணறிவு. இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன், கேள்வி கேட்டவர் மூன்று தடவை நினைவூட்டிவிட்டார்.

2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தை சோனி புகைப்படப் போட்டிக்கு அனுப்பி, பரிசு கிடைத்ததும் வேண்டாம் என்று மறுத்தார், இது புகைப்படம் இல்லை என்று. 2025-இல் எச் அண்ட் எம் உடை நிறுவனம் தன் மாடல்களில் முப்பது பேருக்குச் செயற்கை நுண்ணறிவால் டிஜிட்டல் இரட்டை செய்யப்போவதாக அறிவித்தது, அதே வருடம் அமெரிக்க வோக்கின் ஆகஸ்ட் இதழில் கெஸ் உடை நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில் நிஜத்தில் இல்லாத பெண் வந்தாள், சின்ன எழுத்தில் குறிப்போடு. மூன்றுக்கும் ஒரே அளவு கூச்சல். என் கண்ணில் இரண்டாவதுதான் தொழில் செய்தி. பரிசும் வோக் விளம்பரமும் எப்போதும் சிலருக்கு. மாடலின் இரட்டை வந்துவிட்டால் அன்றைய ஷூட் இல்லை, ஷூட் இல்லாவிட்டால் மேக்கப் இல்லை, இஸ்திரி இல்லை, உதவியாளன் இல்லை. நான் துணியைக் கற்றுக்கொண்ட அந்த ஒன்பது வருடம் அடுத்தவனுக்குக் கிடையாது. மேலே போகிற படிக்கட்டின் நடுப்படிகளைக் கழற்றுகிறார்கள், உச்சியில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

என் பழைய நிறுவனத்தில் இப்போது உடுப்பை ஒரு தடவை பேய் ஷாட் எடுக்கிறார்கள், உள்ளே ஆளைக் கணினி நிரப்புகிறது. நாங்கள் வருடக்கணக்காக ஆளை அழித்தோம். அந்தப் பேய்க்கு இப்போது உடம்பு வந்துவிட்டது.

உடம்பைத் திருத்துவது புதிதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார், நியாயம். மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட புகைப்படம்' என்று எழுத வேண்டும் என்று பிரான்ஸில் 2017-இலும், அதே போன்ற சட்டம் நார்வேயில் 2022-இலும் வந்தன. திருத்தியதற்கு முத்திரை உண்டு. திருத்த அங்கே யாருமே இல்லாவிட்டால் எதன்மேல் முத்திரை குத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 15

தனிச் செய்தியில் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: பழையது ஒன்று போதும். மீதிக் காசில் நல்ல இஸ்திரிப் பெட்டி, இரண்டு டஜன் கிளிப். ஒப்பந்தத்தில் 'என்றென்றைக்கும்' என்று இருந்தால் எனக்கு ஒரு போன் போடு, அழுவதற்குத் துணை.

நவம்பர் 19

எழுதுவதில்லை என்றிருந்தேன், ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த இழையை யாரோ சாருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். நேற்றுப் போனில் வந்தார், எண்பதை நெருங்குகிற குரல். "பாதி நேரம் படம் சரியில்லை என்று எழுதினாயாமே." நான் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடலாமா என்று பார்த்தேன்.

திட்டுவதற்காகக் கூப்பிடவில்லையாம். பையில் போட்ட போலராய்டுகளை எல்லாம் வைத்திருக்கிறார், மூன்று அட்டைப் பெட்டி நிறைய. ஒரு கேலரி அவற்றைக் காட்சிக்கு வைக்கப்போகிறது. பத்திரிகையில் வந்த படங்களைக் கேட்கவில்லை, லைட் பார்க்க எடுத்துத் தூக்கிப் போட வேண்டிய இவற்றைத்தான் கேட்டார்கள். நெகட்டிவ் கிடையாது, இன்னொன்று போட முடியாது, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. அந்த அம்மா எடிஷன் எத்தனை என்று என்னிடம் கேட்டது ஞாபகம் வந்து, போனில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவருக்குப் புரியவில்லை.

இன்று காலை போய்ப் பார்த்தேன். ஓரங்களில் அவர் கையெழுத்தில் வெளிச்ச அளவைக் குறிக்கிற எஃப் ஸ்டாப் எண்கள், சிலவற்றில் நிறம் மங்கி மஞ்சள் தட்டியிருக்கிறது, ஒன்றிரண்டில் மாடலின் பின்பக்கக் கிளிப்புகள் கண்ணாடியில் தெரிகின்றன. நடுவில் ஒரு கட்டு முழுக்க நான். மாடல் தயாராவதற்குள் லைட் பார்க்க உதவியாளனைத்தான் நிற்க வைப்பார், மறந்தே போயிருந்தேன். இருபத்திரண்டு வயது, தலைநிறைய முடி, ஒரு படத்தில் பட்டுக் கவுனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறேன். கேலரிக்கு அதுதான் மிகவும் பிடித்ததாம்.

கிளம்பும்போது ஒரு தாளை நீட்டினார், படத்தில் இருப்பவரின் சம்மதக் கடிதம், கேலரி கொடுத்தது. படித்தேன். எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். 'ஒரு கண்காட்சி, ஓராண்டு' என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.